தண்ணீர் நிற்கும் மூலை

எங்கள் வீட்டு வளவின் வடமேற்கு மூலையில் நான் நட்டுக் கொன்ற மரங்களைச் சொல்லத் தொடங்கினால் ஒரு சின்னத் தோப்பே வரும். தேசி, மாதுளை, முருங்கை, பப்பாசி, கொய்யா, ஒரு தென்னம்பிள்ளை. எல்லாம் நல்ல கன்றுகள். எதற்கும் நோய் இல்லை, எதையும் மாடு கடிக்கவில்லை. என் கையால்தான் செத்தன. இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் கோபமும் இருக்கிறது.

அந்த மூலை தாழ்ந்த நிலம். வளவில் விழுகிற மழையெல்லாம் அங்கே போய்த்தான் உட்காரும். மண்ணோ களிமண். கோடையில் பாளம் பாளமாக வெடித்து, செருப்போடு கால் இறங்குகிற அளவுக்கு வாய் பிளந்து கிடக்கும். மாரி பிறந்தால் அந்த வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஒரு சொட்டுத் தண்ணீரையும் கீழே விடாது. வேலிக்கு அப்பால் வட்டை, கண்ணுக்கு எட்டும் தூரம் வரை வயல். நெல் விதைக்கிறவனுக்கு அந்த மண் தங்கம். மரம் நடுகிறவனுக்கு வீண் வம்பு.

நான் மணலில் பிறந்தவன். வாவிக்குக் கிழக்கே, கடலோரம், களுதாவளை. எங்கள் வீட்டில் வெற்றிலைக் கொடியும் மிளகாயும் போட்டிருந்தார்கள். காலையிலும் தண்ணீர், மாலையிலும் தண்ணீர். ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஊற்றிய அடையாளமே இருக்காது, மணல் குடித்துவிட்டிருக்கும். ஆகையால் அங்கே மரம் நட ஒரு முறை உண்டு. ஆழமாகக் கிடங்கு வெட்ட வேண்டும். அடியில் தேங்காய்ப் பொச்சை மல்லாக்க அடுக்க வேண்டும், அது தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அதற்கு மேல் எரு. கன்றை நில மட்டத்துக்குக் கீழே இறக்கி வைத்தால் ஊற்றுகிற தண்ணீர் ஓடிப்போகாமல் சுற்றி நிற்கும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததாக ஞாபகம் இல்லை. ஊரே அப்படித்தான் நட்டது. உலகம் முழுக்க மரம் இப்படித்தான் நடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். வீடும் வளவும் பெண்ணுக்கு, தாயிடமிருந்து மகளுக்கு. அப்படித்தான் நானும் வாவியைக் கடந்து மேற்கே வந்தேன். நாங்கள் கிழக்குக் கரையை எழுவான்கரை என்போம், மேற்குக் கரையைப் படுவான்கரை என்போம். சூரியன் எழுகிற பக்கத்திலிருந்து விழுகிற பக்கத்துக்கு, ஒரு பெட்டியோடு. வாகனங்களையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு அக்கரை போகிற மிதவைக்கு எங்கள் ஊர்ப் பெயர் 'பாதை'. அந்தப் பாதையில் நின்று பார்த்தபோது இரண்டு கரையும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. இறங்கி நடந்த பிறகுதான் செருப்பில் ஒட்டிய மண் கழன்று விழவில்லை என்று கண்டேன். கழுவியும் போகவில்லை. கல்யாண வீட்டு வாசலில் மாப்பிள்ளை ஈர்க்கை எடுத்துச் செருப்புச் சுரண்டிக்கொண்டு நின்றதைச் சொல்லிச் சொல்லி என் மனைவி கடைசி வரைக்கும் சிரித்தாள்.

அப்போது நான் பஸ் டிப்போவில் மெக்கானிக். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லுவேன். அந்தத் திமிரோடுதான் மூலையில் இறங்கினேன். முதலில் தேசி. நல்ல ஆழமாகக் கிடங்கு வெட்டி, பொச்சு அடுக்கி, எரு போட்டு, கன்றை இறக்கி வைத்தேன். மழை வந்தது. ஒரு கிழமையில் இலை வாடியது. எங்கள் ஊரில் இலை வாடினால் தாகம் என்றுதான் அர்த்தம். ஓடிப்போய் ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். அடுத்த நாள் இன்னும் வாடியது. இன்னொரு வாளி ஊற்றினேன்.

குசினிக் கதவில் சாய்ந்தபடி அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். "இஞ்ச பாருங்க, முங்கிச் சாகிறவனுக்கு வாய்க்குள்ள தண்ணி ஊத்துற மாதிரி இரிக்கு நீங்க செய்யிறது."

"இலை வாடிக் கிடக்கு, கண் தெரியல்லையா உனக்கு?"

"கிணத்த வெட்டி அதுக்குள்ள மரத்த வெச்சா வாடாம என்ன செய்யும்?"

அவள் சொன்னது சரி. களியில் வெட்டுகிற கிடங்கு ஒரு பானை. அடியில் பொச்சு வேறு, அழுகுவதற்கென்றே. வேர் மூச்சு முட்டிச் செத்துப்போகும், வேர் இல்லாத செடி தண்ணீருக்குள் நின்றபடியே தாகத்தில் வாடும். இதெல்லாம் இப்போது வாய்கிழியச் சொல்கிறேன். அப்போதும் தெரியாமல் இல்லை, காதில் விழுந்தது. ஆனால் மண்வெட்டியைக் கையில் எடுத்தால் அந்தக் கை களுதாவளைக் கைதான். வெட்ட ஆரம்பித்தால் ஆழமாகத்தான் வெட்டும். அதற்கு நான் என்ன செய்ய?

அந்த மூலைக்கு என்ன வைக்கலாம் என்று அவளிடம் எப்போதும் பதில் இருந்தது. "கங்குன் வைங்க, கறிக்காகும். சேம்பு வைங்க. பெரிய மரம்தான் வேணுமெண்டா மருது வைங்க, தண்ணிக்குள்ள நிண்டாலும் அதுக்கு ஒண்டும் செய்யாது. இல்லாட்டி ஜம்பு." நான் கேட்கவில்லை. கங்குன் ஒரு மரமா? கீரை. மருது ஆற்றங்கரையில் நிற்கிற மரம், அதை வளவுக்குள் கொண்டுவந்து யார் வைப்பான்? எனக்கு வேண்டியது என்ன என்று இப்போது யோசித்தால் தெரிகிறது. அந்த வளவில் இருந்த மரங்கள் எல்லாம் நான் வருமுன்பே நின்றவை. தென்னைகள் அவளுடைய தாய் வைத்தவை, பலா அவளுடைய தாய்மாமன் வைத்தது. எல்லாவற்றிலும் நான் தின்றேன், விருந்தாளி மாதிரி. நான் வைத்து, நான் வளர்த்த ஒரு மரம் அந்த வளவில் நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அது வெறும் கீரையாக இருக்கக் கூடாது.

போன புரட்டாதியில் களுதாவளைக்குப் போனபோது என் அக்காவின் வளவில் ஒரு மாங்கன்று நின்றது. கறுத்தக் கொழும்பான். ஒரு பையில் போட்டுக்கொண்டு பாதையில் ஏறினேன். வாவிக்காற்று இலையைக் கிழித்துவிடுமோ என்று உடுத்திருந்த சாரத்தின் ஓரத்தால் மூடிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் மோட்டார் சைக்கிளோடு நின்றவன் ஆட்டுக்குட்டியா என்று கேட்டான்.

வாசலில் கண்டதும் மனைவி தலையில் கை வைத்தாள். "ஐயோ கடவுளே, இன்னும் ஒரு உசிரா?" மறுபடி என்ன நினைத்தாளோ, "சரி, இந்த முறை நானும் வாறன். நீங்க தனிய நட்டாத்தானே சாகுது" என்று சொல்லிவிட்டுக் கூடவே வந்தாள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்துகொண்டாள். நான் கிடங்கு வெட்டினேன். ஆழமாகத்தான். அவள் வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டு சிரித்தாள். "வெட்டுங்க, வெட்டுங்க. உங்களத் திருத்த ஏலுமா."

வட்டைப் பக்கத்துக் காற்று பொல்லாதது, கன்றுக்கு ஒரு ஊன்றுகோல் வேண்டும். வேலியில் நின்ற பூவரசில் மணிக்கட்டுப் பருமனான கிளை ஒன்றை வெட்டி, நுனியைக் கூராக்கி, கிடங்கின் ஓரத்தில் அலவாங்கு என்கிற கடப்பாரையால் துளை போட்டு அடித்து இறக்கினேன். அதற்குக் கிடங்கும் இல்லை, எருவும் இல்லை. சும்மா ஒரு கம்பு. கட்டுவதற்குக் கயிறு தேடினேன். அவள் உள்ளே போய்ப் பழைய நூல் சேலை ஒன்றின் ஊதாக் கரையைக் கிழித்துக்கொண்டு வந்தாள். கன்றுக்குத் தளர்வாக ஒரு வளையம், கம்புக்கு இறுக்கமாக ஒரு வளையம், நடுவில் முடிச்சு. "கண்டு ஆடணும், ஆனா விழப்படாது" என்றாள். அவள் போடுகிற முடிச்சை மனிதனால் அவிழ்க்க முடியாது. வேலைக்குப் போன காலத்தில் டிப்போவுக்குக் கட்டித் தருகிற சோற்றுப் பார்சலையே நான் கத்தியால் வெட்டித்தான் திறப்பேன். துணியை வீணாக்கிறீங்க என்று பின்னேரம் ஏச்சு விழும்.

ஐப்பசியில் முதல் மழை பெய்த நாள், நெஞ்சு இறுக்கமாக இருக்கிறது என்றாள். ஓட்டோ வாசலுக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது.

அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வராது. எழுத விருப்பமும் இல்லை.

வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். எல்லாரும் அவளுடைய ஆட்கள். பெரிய சட்டி எங்கே, பாய் எங்கே, விளக்குத் திரி எங்கே என்று அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது. கதிரை ஒன்றைத் தந்து உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்திருந்தேன். முப்பத்தோராம் நாள் கருமம் முடிந்து, அவளுடைய சேலைகளைச் சொந்தக்காரப் பெண்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போனார்கள். அது வழக்கம்தான், நானும் எடுங்கள் என்றுதான் சொன்னேன். அலுமாரி வெறுமையாகக் கிடந்தது.

அதன் பிறகுதான் தனிமை என்றால் என்னவென்று தெரிந்தது. அது நான் நினைத்தது மாதிரி இல்லை. வீட்டில் ஆள் இல்லை என்பதைக்கூடத் தாங்கலாம். ஊரில் நான் யார் என்று தெரியாமல் போனதைத்தான் தாங்க முடியவில்லை. எங்கள் வாசலுக்கு யாராவது வந்தால் அவள்தான் எனக்குக் காதுக்குள் சொல்லுவாள். "வாறது பெரியம்மாட மகன், உங்களுக்கு மச்சான் முறை, கொஞ்சம் சிரிங்க." இத்தனை காலமும் அப்படியே ஓடிவிட்டது. யாரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதை என் தலைக்குள் நான் வைத்திருக்கவே இல்லை, அது அவளுடைய வாய்க்குள் இருந்தது. இப்போது தெருவில் ஒருவர் எதிரே வந்து நின்று சுகம் கேட்டால் மாமா என்பதா, அண்ணன் என்பதா, பெயர் சொல்வதா தெரியாமல் தலையை ஆட்டிவிட்டு நடந்துவிடுவேன். மனிசன் உடைஞ்சு போனார் என்று சிலர் நினைத்தார்கள். பெரிய கெப்பர், தலைக்கனம் பிடித்தவர் என்று சிலர் நினைத்தார்கள். மெல்ல மெல்ல எதிரே வருகிறவர்களும் தலையாட்டுவதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அக்கா ஒருநாள் விட்டு ஒருநாள் போன் எடுப்பாள். "தம்பி, அங்க உனக்கு ஆரு இரிக்கா? அது பொண்டாட்டிட ஊரு. அவளும் போயிட்டாள். பின்னறை சும்மாதான் கிடக்கு, வந்திரு."

வாயில் வந்ததைச் சொன்னேன். "உங்கட மாங்கண்டு பிடிச்சா இருப்பன். பிடிக்காட்டி வாறன்."

"மாங்கண்டா? உனக்கென்ன விசரா?"

விசர்தான். ஆனால் சொன்ன பிறகு அது எனக்குள் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவளும் நானும் சேர்ந்து வைத்த ஒரே கன்று அது. அது பிழைத்தால் எனக்கு இந்த வளவில் ஒரு இடம் இருக்கிறது, செத்தால் பெட்டியைத் தூக்க வேண்டியதுதான். வேறு எந்தக் கணக்கும் என்னிடம் இருக்கவில்லை.

கார்த்திகையில் மழை விடாமல் அடித்தது. மூலையில் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் நான் வாளியோடு இறங்கினேன். கிடங்கைச் சுற்றிக் களியால் வரம்பு கட்டி, உள்ளே நின்ற தண்ணீரை இறைத்து வெளியே ஊற்றினேன். வரம்பு கரைந்தது, திரும்பக் கட்டினேன். ஒரு நாள் எனக்குப் பெரிய மூளை வேலை செய்தது. மூலையிலிருந்து வேலிக்கு அடியால் வட்டைக்கு ஒரு வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் தானாக ஓடிவிடுமே! நாள் முழுக்க வெட்டினேன். ஓடத்தான் செய்தது, ஒரு நாள். அடுத்த நாள் வட்டை நிரம்பி அதே வாய்க்காலால் தண்ணீர் வளவுக்குள் வந்தது. வயல் தண்ணீருக்கு வீட்டுக்குள் வர நானே வழி வெட்டிக் கொடுத்திருந்தேன். அந்த வாய்க்காலை மண் போட்டு அடைக்கக்கூட முடியவில்லை, போடப் போடக் கரைந்தது.

இதற்குள் அந்தக் கம்பு வேறு சேட்டை செய்யத் தொடங்கியது. கணுக்களில் சின்னச் சின்ன முளை கிளம்பியது. எனக்கு வந்த கோபம்! மாவுக்குப் போட்ட எருவை இது திருடித் தின்கிறது என்று தோன்றியது. ஒவ்வொரு காலையும் முதல் வேலையாக முளைகளை நகத்தால் கிள்ளி எறிந்தேன். "உன்ட வேலை தாங்கிறது. தளிர்க்கிறது இல்ல" என்று அதற்குச் சொல்லியும் வைத்தேன்.

"அத்தான், கம்போட என்ன கதை?"

வேலிக்கு அந்தப் பக்கம் மச்சாள் நின்றாள். என் மனைவியின் தங்கை, அடுத்த வளவு. தலையில் சாக்கு, கையில் மூடிய கோப்பை.

"கதை ஒண்டும் இல்ல."

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டன்."

சாப்பிடவில்லை. அவளுக்கும் அது தெரியும். கோப்பையை வேலிக் கம்பி மேலால் நீட்டினாள். பிட்டும் மீன் குழம்பும். "வாளிய வெச்சிட்டு உள்ள போங்க, காய்ச்சல் வரப் போகுது. மறுகா உங்கள ஆரு பாக்கிறது?" அவள் அக்கறையோடுதான் சொன்னாள். எனக்கோ அந்தக் கடைசிக் கேள்வி மட்டும்தான் காதில் விழுந்தது. கோப்பையைக் கழுவித் திருப்பிக் கொடுத்தபோது நன்றி என்று மட்டும் சொன்னேன். அவளுடைய முகம் சுருங்கிப்போனது. சொந்தத்துக்குள் யாராவது நன்றி சொல்வார்களா?

எங்களுக்கு ஒரு மகள், வெளிநாட்டில் இருக்கிறாள். வளவு இப்போது அவளுடையது. வீடியோவில் வந்தபோது மூலையைக் காட்டினேன். "ஐயோ அப்பா, குளம் மாதிரி இரிக்கே! கிரவல் மண் கொண்டுவந்து கொட்டி நிரப்பிடுங்க. கார் நிப்பாட்டலாம்."

"எந்தக் கார்?"

"நாங்க வந்தா எடுக்கிற கார்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பா, நீங்க மாமி வீட்ட போறதெண்டா போங்க. வீடு எங்கயும் போகாது. உங்களுக்கு எது நிம்மதியோ அதச் செய்யுங்க" என்றாள். நல்ல பிள்ளை. போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. யாராவது ஒருவர் இரு என்று சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அன்றைக்குத் தோன்றியது.

தை பிறந்து வெயில் கண்டதும் மாங்கன்றின் இலைகள் தொங்கின. கணுக்கால் அளவு தண்ணீருக்குள் நின்றுகொண்டு வாடின. இந்த முறை நான் வாளியைத் தொடவில்லை. தண்டை விரலால் மெல்லத் தேய்த்தேன், தோல் உரிந்து கையோடு வந்தது. மண்ணைக் கிளறினேன், கறுத்த வேர், கூழ் முட்டை நாற்றம்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கையில் இருந்த வாளியை வேலியில் விட்டெறிந்தேன். "நீயும் வந்தாய்தானே? நான் தனிய நட்டாத்தான் சாகும் எண்டாய்தானே? அப்ப இது ஏன் செத்தது?" என்று பகல் வெளிச்சத்தில், பக்கத்து வளவுகளுக்கெல்லாம் கேட்க, இல்லாத ஒருத்தியோடு சத்தம் போட்டேன். சத்தம் போட்டு முடிந்ததும் அழுகை வந்தது. அவள் செத்த அன்றைக்கு வராத அழுகை. சேற்றுக்குள் இருந்து அழுதேன். மச்சாளின் வளவில் சட்டி உரசுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றது.

அதோடு அந்த மூலைக்குப் போவதை விட்டுவிட்டேன். மாசி முழுக்க அந்தப் பக்கம் திரும்பவில்லை. குசினி யன்னலையும் சாத்தி வைத்தேன். அக்காவிடம் சரி, வாறன் என்று சொன்னேன். வெள்ளிக்கிழமை மகனை வேனோடு அனுப்புவதாகச் சொன்னாள். எனக்கென்று கட்ட அதிகம் இருக்கவில்லை. உடுப்பு, கண்ணாடி, மருந்து, ஸ்பானர் பெட்டி.

போகும்போது சாவியைத் தந்துவிட்டுப் போவேன் என்று மச்சாளிடம் சொல்லப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் ஓ என்றாள். "அப்ப எங்கட அக்காட வீடு பூட்டிக் கிடக்கப் போகுது" என்றாள். இரு என்று இவளும் சொல்லவில்லை. என்ன உரிமையில் சொல்வாள்? கோப்பைக்கு நன்றி சொல்கிறவனிடம்.

வியாழக்கிழமை காலையில்தான் அந்தச் சேலைக் கரை ஞாபகம் வந்தது. அவளுடைய துணியென்று வீட்டில் ஒரு நூல் இல்லை. மூலையில் செத்த கன்றையும் கம்பையும் சேர்த்துக் கட்டிய அந்த ஊதாத் துண்டு மட்டும்தான் மிச்சம். அதையாவது கொண்டுபோக வேண்டும் என்று நினைத்தேன்.

வேலியோரம் போய் நின்றவன் அப்படியே நின்றுவிட்டேன். தண்ணீர் கணுக்கால் உயரத்திலிருந்து பாதத்துக்கு இறங்கியிருந்தது. அதன் மேல் முழுக்கப் பச்சை. நான் வெட்டிய வாய்க்கால் வழியாக வட்டையிலிருந்து கங்குன் வந்து படர்ந்திருந்தது. வரம்பு கட்டிய களியில் சேம்பு பிடித்திருந்தது. எதையும் நான் வைக்கவில்லை. அவள் கேட்டதையெல்லாம் அந்த மூலை தானே எடுத்து வைத்துக்கொண்டிருந்தது. நடுவில் மாங்கன்று சுள்ளியாக நின்றது. அதன் பக்கத்தில் கம்பு நின்றது, தலை நிறைய இலையோடு. அகலப் பூவரசிலை, காற்றில் ஆடிக்கொண்டு.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்படித்தான் எனக்கு எல்லாம் முதலில் வரும். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். மழையில் நனைந்து காய்ந்து கல்லாகியிருந்தது. கத்தி எடுத்து வரப் போனவன் திரும்பி வந்தேன், அவள் ஏசுவாள் என்று ஒரு நினைப்பு. சரி, கம்பையே பிடுங்கி முடிச்சோடு கொண்டுபோவோம் என்று இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. ஆட்டினேன். மேல்பாதி வளைந்தது, அடி அசையவில்லை. அலவாங்கைக் கொண்டுவந்து அடியில் குத்திக் களியை நெம்பினேன்.

வெள்ளை வேர். ஆழமாகப் போகவில்லை. களியின் மேற்பரப்போடு, காற்றுப் படுகிற அளவில், விரல் மாதிரிப் பக்கவாட்டில் பரந்திருந்தது. வட்டைப் பக்கம் போயிருந்தது, வீட்டுப் பக்கம் போயிருந்தது. நான் பாடுபட்டு வெட்டிய கிடங்கின் பக்கம் ஒரு வேரும் போகவில்லை.

அலவாங்கை வைத்துவிட்டு அதே வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். மாரி முழுக்க ஒவ்வொரு காலையும் இதைத்தான் கிள்ளி எறிந்தேன். தாங்குவதற்கென்று அடித்த கம்பு. அது தாங்கிய கன்று போய்விட்டது. அதை யாரும் இரு என்று சொல்லவில்லை, போ என்றுதான் நான் தினமும் சொன்னேன். இருந்துவிட்டது.

நெம்பிய களியைக் கையாலேயே திரும்பப் போட்டு அமுக்கினேன். செத்த கன்றை வளையத்திலிருந்து உருவி எடுத்தேன், சிரமமே இல்லாமல் வந்தது. கம்பில் கட்டிய வளையத்தைத் தொடவில்லை. பருக்கும்போது இறுக்குமோ என்று பார்த்தேன். நூல் சேலைதானே, அடுத்த மாரிக்குள் தானாக உக்கிவிடும். அதுவரைக்கும் இருக்கட்டும்.

அக்காவுக்குப் போன் எடுத்தேன். "நாளைக்கு வேன் அனுப்ப வேணாம்."

"ஏன், மாங்கண்டு பிழைச்சிட்டா?"

"இல்ல. அது செத்துப்போச்சு. அதுக்குக் கட்டின கம்பு பிடிச்சிட்டு."

"கம்புக்காகவா இருக்கப் போறாய்?"

"ஓம்."

சிரிப்பாளோ, ஏசுவாளோ என்று காத்திருந்தேன். "என்ன கம்பு?" என்று கேட்டாள்.

"பூவரசு."

"பூவரசு பிடிச்சா மறுகா போகாது" என்றாள் அக்கா. "சரி, ஞாயிற்றுக்கிழமை நான் வந்து பாக்கிறன்."

சேற்றில் இறங்கி ஒரு கை கொள்ளாத அளவுக்குக் கங்குன் ஒடித்தேன். அதைத் தூக்கிக்கொண்டு மச்சாள் வீட்டு வாசலுக்குப் போனேன். அவள் என் கையில் சாவியைத் தேடினாள், கீரையைக் கண்டாள்.

"மச்சாள், எதிர் வீட்டுப் பெரியவர் எனக்கு என்ன முறை?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்போடேயே கண் நிறைந்துவிட்டது. "அத்தான்! இவ்வளவு காலமும் தெரியாதா உங்களுக்கு?"

"உங்கட அக்காதான் காதுக்குள்ள சொல்லுவா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவர் எங்களுக்கு மாமா. அப்ப உங்களுக்குச் சித்தப்பா முறை. அதுக்குப் பக்கத்து வீடு..." என்று வாசலில் நின்றபடியே தொடங்கினாள். எதிர் வீடு, பக்கத்து வீடு, கோயில் ஒழுங்கை, குளத்தடி என்று ஒவ்வொரு வாசலாகச் சொல்லிக்கொண்டு போனாள். கங்குன் என் கையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இடையில் நான் சரி, சரி என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால் பாதி மறந்துவிட்டது. நாளைக்கும் போய்க் கேட்க வேண்டும்.